மிகுனிக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த கருவி

உங்கள் உயிர் இன்னொருவரின் வலது காலில் தொங்கிக்கொண்டிருந்தால், அந்தக் கால் இன்னும் கொஞ்சம் அழுத்தட்டும் என்பீர்களா, சட்டப்படியே போகட்டும் என்பீர்களா? அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். நாங்கள் ஐந்து பேர் வாரத்தில் மூன்று நாள் அந்தக் கேள்வியின் மேல் உட்கார்ந்து பயணம் செய்தவர்கள்.

அந்தக் கால் மிகுனி ததாவோவுடையது. ஜப்பானின் வடகோடியில் ஓகோட்ஸ்க் கடலோரக் கிராமங்களில் சிதறிக் கிடக்கும் சிறுநீரக நோயாளிகளை ஏற்றிக்கொண்டு, நகரத்து டயாலிசிஸ் மருத்துவமனையில் இறக்கிவிடும் வேனை ஓட்டியவர். அதற்கு முன்னால் பால் டேங்கர் ஓட்டியவர். “பாலுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் லேட்டானா கெட்டுப்போயிடும். பால் வாய் பேசாது, அவ்வளவுதான்” என்பார்.

ஊசி குத்துவதற்காக எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பெல்ட் உரசக் கூடாது. யாருக்கு இடக்கை, யாருக்கு வலக்கை என்பதை மிகுனி ஒருபோதும் கேட்டதில்லை. கதவைத் திறக்கும்போதே சரியான இருக்கையைத் தட்டிக் காட்டுவார்.

முன்பு எங்கள் பக்கத்துக்கு இரண்டு வேன்கள் இருந்தன. மருத்துவமனையில் போக்குவரத்தைக் கவனிக்கும் மேலாளர் சகுராபா ஒன்றை நிறுத்தினார். இரண்டு வேன்களின் ஊர்களையும் ஒரே வேனுக்குக் கொடுத்தார். புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் தொடவில்லை. காலைப் படுக்கை மதியம் வேறொருவருக்கு. நாங்கள் அரைமணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் குறித்த நேரத்துக்குப் படுக்கையை விட்டு எழுந்தாக வேண்டும்; அவ்வளவு நேரத்து நஞ்சு உடம்பிலேயே தங்கிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கணக்கு இது. மேலாளருக்கு வரவில்லை.

மிகுனிக்கு வந்தது. ஊர்களுக்கு நடுவில் வளைவே இல்லாமல் கிடக்கும் சாலையில் அவர் வலது காலால் அந்தக் கணக்கைச் சரிசெய்தார். வசந்த காலத்தில் ஒருமுறை போலீசில் சிக்கி, ஒரு மாதம் உரிமம் முடங்கியது. அந்த ஒரு மாதமும் மச்சானைக் கெஞ்சிக் கூத்தாடி வேனை ஓட்டவைத்தார். இன்னொரு முறை சிக்கினால் வேலை போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

“ரேடார் டிடெக்டர் ஒண்ணு வாங்கி மாட்டுய்யா” என்று முதலில் சொன்னவர் ஒசனாய். சிப்பி வளர்த்தவர்; அலைச் சத்தத்தை மிஞ்சிப் பேசிப் பழகிய குரல். “போலீஸ் எலிப்பொறி வைக்கிற இடம் வர்றதுக்கு முன்னாடியே கத்திடும்.”

“அதை வாங்கினா நான் வேகமாப் போறேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், ஒசனாய் சான்.”

“ஆமா, இல்லேன்னா ஊருக்குத் தெரியாது பாரு! போன வாரம் பறந்ததுல என் பல்செட்டே பின் சீட்டுக்குப் போயிடுச்சு.”

மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஃபுமியே அம்மாள் கண்ணாடிக்குக் கீழே தொங்கிய தாயத்தைக் காட்டினார். கோயிலில் வாங்கி அவரே கட்டியது. “இது இருக்கறப்போ அது எதுக்கு?”

“இது இருந்தப்போதானே அம்மா வசந்தத்துல மாட்டினாரு?” என்றேன்.

“உங்க வாய்க்குப் பயந்துதான் சாமி அன்னிக்கு இறங்கிப் போயிடுச்சு” என்றார். வேனே சிரித்தது.

இரண்டும் தாயத்துதான் என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்று பட்டுத்துணியில், மற்றது பிளாஸ்டிக்கில். பயத்துக்கு விலை போட்டு விற்பதில் இரண்டும் பங்காளிகள். எங்களை ஓடவைப்பது போலீஸ் இல்லை, சகுராபாவின் நேர அட்டவணை. போய் அவரிடம் கேட்போம் என்றேன். ஊசி குத்தும் இடத்தில் பகை வைத்துக்கொள்ள எவருக்குத் துணிச்சல் வரும்? ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கருவி வாங்கினோம். நானும் போட்டேன்.

கடைக்காரப் பையன் அட்டைப்பெட்டியைத் தடவிக்கொண்டே, “ரேடார் அலை எங்கிருந்து வந்தாலும் பிடிச்சிடும் சார்” என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. எங்கிருந்து வந்தாலும் பிடித்தது. இருபத்து நான்கு மணி நேரக் கடைகளின் தானியங்கிக் கதவுகளும் அதே ஜாதி அலையைத்தான் விடுகின்றன போலிருக்கிறது. கடையைக் கடக்கும் போதெல்லாம் அது அலறியது. ஃபுமியே அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். “சோற்று உருண்டை விக்கிறவனைப் பிடிச்சிடுச்சு, போலீஸைக் காணோம்” என்பார் ஒசனாய். வயல்வெளிக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்ளும். நடுநடுவே ஒரு பெண் குரல் மட்டும் தேனாக, “இன்றும் பாதுகாப்பாக ஓட்டுங்கள்” என்று சொல்லும்.

எங்கள் பக்கத்து ஓட்டுநர்களுக்கு ஏற்கெனவே ஒரு கருவி உண்டு. எதிரே வருகிறவன் விளக்கை இரண்டு முறை சிமிட்டுவான். முன்னால் போலீஸ் நிற்கிறது, அல்லது மான் நிற்கிறது. எதுவானாலும் வேகத்தைக் குறை. முகம் தெரியாத மனிதன் முகம் தெரியாத மனிதனுக்குச் செய்யும் உதவி அது. டேங்கர் காலத்திலிருந்து மிகுனி அந்தச் சிமிட்டலை ஏன் என்று கேட்டதில்லை. கால் தானாகவே எழும்பிவிடும்.

கருவி வந்த பிறகு அவர் ஏன் என்று கேட்கத் தொடங்கினார்.

அக்டோபரில் முதல் உறைபனி விழுந்த காலை. ஃபுமியே அம்மாள் வீட்டுப் படி வழுக்கியது. அவருக்குத் தலை சுற்றல் வேறு. மிகுனி அவரை முதுகில் சுமந்து வந்து உட்காரவைத்தார். அதில் நேரம் போயிற்று. நீள் சாலைக்கு வந்ததும் வேன் உறுமியது. அறுவடை முடிந்த வயல்களின் ஓரத்தில் சர்க்கரை பீட்ரூட்டை மலைபோல் குவித்துத் துணி போர்த்தியிருந்தார்கள். எதிரே வந்த பீட்ரூட் லாரி இரண்டு முறை விளக்கைச் சிமிட்டியது.

மிகுனியின் கால் எழும்பியது. கண் கருவியைப் பார்த்தது. அது பச்சையாக ஒளிர்ந்தபடி சும்மா இருந்தது.

“லைட் அடிச்சானே?” என்றார் ஒசனாய்.

“மிஷின் பேசாம இருக்கே. மானா இருக்கும்.” இரு பக்கமும் பார்த்தார். வெட்டவெளி, மான் இல்லை. “காட்டுக்குள்ள போயிருக்கும்.”

கால் மறுபடி இறங்கியது.

மூன்றாவது குவியலுக்குப் பின்னால் முக்காலியின் மேல் ஒரு பெட்டி இருந்தது. அது ரேடார் அலையை விடுவதில்லை. லேசர் ஒளியால் வேகத்தை அளப்பது. எங்கள் கருவிக்கு அந்தப் பாஷையே தெரியாது. அறுபதைத் தாண்டக் கூடாத சாலையில் தொண்ணூற்று மூன்று.

இளம் போலீஸ்காரர் தொப்பியைத் தொட்டு மரியாதையாகக் குனிந்தார். “அவசரமா வந்தீங்களா?”

“எங்க கிட்னியைக் கேளுய்யா, அது சொல்லும்!” என்று கத்தினார் ஒசனாய்.

மிகுனி கையை நீட்டி அவரை அடக்கினார். “இவங்களை இறக்கிவிட்டுட்டு வர்றேன் சார். நான் எங்கேயும் ஓடிட மாட்டேன். இவங்களுக்குப் படுக்கை போயிடும்.”

“எழுதி முடிச்சதும் போகலாங்க. விதி அப்படி” என்றார் போலீஸ்காரர். கெட்டவர் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தத் தேன் குரல் பேசியது: “வெகு நேரமாக ஓட்டுகிறீர்கள். சற்று ஓய்வெடுக்கலாமே.”

அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஓய்வு கொடுத்துவிட்டார்கள். உரிமம் மீண்டும் முடங்கியது. சகுராபா அவரை வேலையிலிருந்து நீக்கினார். “சட்டத்தை மதிக்காத ஓட்டுநர்கிட்ட நோயாளிகளை ஒப்படைக்க முடியாதுங்க. அது எங்க பொறுப்பு.”

நான் தனியாகப் போய் நின்றேன். ஒரு வேனில் இத்தனை ஊர் சுற்றி அந்த நேரத்துக்கு எப்படி வர முடியும் என்று கேட்டேன்.

“வேகமா ஓட்டுன்னு நாங்க எப்பவாவது சொன்னோமா?” என்றார். சொல்லவில்லை. சொல்லாமலே செய்யவைப்பதற்குத்தானே அந்த அட்டவணை! அதைச் சொன்னதும் எழுந்து, இடுப்பு வளையக் குனிந்து, என் கருத்துக்கு நன்றி சொன்னார். கதவு வரை வந்து வழியனுப்பினார். ஒற்றை ஆள் கேட்டால் அது கேள்வி இல்லை, புலம்பல்.

வேறு ஓட்டுநர் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துக்கு வேன் நின்றுவிட்டது. ஃபுமியே அம்மாள் மாடுகளை விற்றுவிட்டு நகரத்து முதியோர் இல்லத்தில் ஒரு ஜன்னலில்லா அறைக்குப் போனார். ஒசனாயை மருமகள் கொண்டுவிடுகிறாள். அவளுக்கு வேலை இருக்கும் நாளில் அவர் போவதில்லை. கால் வீங்கிவிட்டது, குரல் இறங்கிவிட்டது. நான் பேருந்தில் போய்ப் பாதி நேரம் படுத்துவிட்டுத் திரும்புகிறேன்.

மிகுனி கருவியைத் துடைத்து அதே பெட்டியில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார், பனியில் நடந்தே. “கெட்டுப்போகல. வேற யாருக்காவது ஆகும்.”

“நீங்க லாரிக்காரனை நம்பியிருக்கலாம்” என்றேன்.

“நீங்கல்லாம் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது” என்றார். “அதை நம்பாம இருக்க முடியுமா?” தேநீரைக் குடிக்காமலே போனார். இப்போது சர்க்கரை ஆலையில் பீட்ரூட்டிலிருந்து கல் பொறுக்குகிறார். உரிமம் ஒருநாள் திரும்பி வரும். அறுபது வயதைத் தாண்டியவரை, இரண்டு முறை சிக்கியவரை, வேனில் ஏற்றுவார் யார்?

கருவி வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். அது கடைக் கதவைப் பிடிக்கும், பழைய ரேடாரைப் பிடிக்கும். உங்களை விரட்டுகிறவனைப் பிடிக்காது. பெட்டி என் அலமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று செய்யுங்கள். நாளை உங்கள் வண்டி தாமதமானால் ஓட்டுநரை விரட்டாதீர்கள். வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் இறங்கி, நேர அட்டவணை போட்டவரின் அறைக்குப் போங்கள். சாவியை அவர் கையில் கொடுத்து, அதே ஊர்களைச் சுற்றி, அதே நேரத்துக்குள், சட்டப்படி ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள்.