மருந்துப் பக்கம்

ஆனைக்குட்டத்து ரோஜாவுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. சிவகாசியில் அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில், அறையை அடைத்துக்கொண்டு நின்ற, அச்சுக்குப் பிலிம் எடுக்கும் பழைய கேமராவை எடைக்குப் போட்ட அன்று, அதன் லென்ஸை மட்டும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தாள். தேங்காய் மூடி அளவுக்குக் கனத்த கண்ணாடி.

"இது எதுக்குடி? கொளம்புல போடவா?" என்று கேட்டாள் அக்கா முருகம்மாள். ரோஜா அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள்.

எதுக்கு என்பதற்குப் பதில் இந்தப் பங்குனியில்தான் கிடைத்தது. முருகம்மாள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவள். பாதுகாப்புப் படம் பார்த்ததாக எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு வந்ததும், போர்மேன் வேலுச்சாமி நாற்பது பெண்களைக் கம்பெனி வாசலில் நிறுத்தித் தன் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். முன்னால் நின்ற நாலு பேருக்குப் படம் தெரிந்தது. இருபது நிமிடப் படத்தை ஐந்தே நிமிடத்தில் நிறுத்திவிட்டார். நாற்பது கையெழுத்தும் விழுந்தன.

"நீ என்னக்கா பாத்தே?"

"அவரு மோதிரத்தப் பாத்தேன்."

ரோஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மருந்துக்கு நடுவே தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது அவளுடைய ஒரே அக்கா. நாற்பது பேருக்கும் அந்தப் படத்தை முழுசாகக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு கட்டினாள். படம் காட்டுகிற மிஷினை வாடகைக்கு எடுக்கலாமே என்றாள் பக்கத்து வீட்டுச் சோலையம்மாள். எடுக்கலாம்தான். ஆனால் தன்னால் முடியும் என்று ரோஜாவுக்குத் தோன்றிவிட்டால், அப்புறம் யார் பேச்சும் காதில் ஏறாது.

செல்போன் ரிப்பேர் கடையில் ஒதுக்கிப் போட்ட பழைய டேப்லெட்டுகளை வாங்கி, ஒவ்வொன்றாகத் திரையைப் பிரித்தாள். பின்னாலிருந்த வெள்ளைத் தாள்களை உரித்தால், வெளிச்சம் ஊடுருவும் வெறும் கண்ணாடியாக அது நிற்கும். முதல் இரண்டும் உடைந்தன, மூன்றாவது பிழைத்தது; பாதுகாப்புப் படத்தை அதில் ஏற்றினாள். கழற்றிப் போட்ட தெருவிளக்கின் எல்.இ.டி., சூடு தணிக்கப் பழைய கம்ப்யூட்டர் விசிறி, காலண்டர் அட்டையில் ஒரு பெட்டி, பெட்டியின் வாயில் அந்த லென்ஸ். லென்ஸ் படத்தைக் கவிழ்த்துவிடும் என்பது தெரிந்து, திரையைத் தலைகீழாகவே ஒட்டினாள்.

அங்கேதான் கை பழக்கத்துக்குப் போனது. அச்சகத்தில் பிலிமின் பூச்சு பூசிய பக்கத்துக்கு மருந்துப் பக்கம் என்று பெயர். அது விளக்குக்கு முதுகு காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. பன்னிரண்டு வருஷம் பிலிம் திருத்திய கை, திரையின் முகத்தையும் அப்படியே விளக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி ஒட்டிவிட்டது. சுவரில் போட்டுப் பார்த்தாள். எழுத்தெல்லாம் கடகடவென்று படிக்க வந்தது. பூரித்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமுதாயக் கூடத்தின் ஜன்னல்களை அட்டையால் அடைத்து, நடுவில் ஒரு வேட்டியைக் கட்டினாள். நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். படம் வேட்டி முழுக்க விரிந்ததும் கூடமே 'ஆ'வென்று பார்த்தது. ரோஜாவுக்குத் தலை கூரையைத் தொட்ட மாதிரி இருந்தது.

"ஏ ரோஜா, இவளுக என்ன முந்தானைய வலது தோள்ல போட்டிருக்காளுக?" என்றாள் சோலையம்மாள்.

"அந்தாளு சோத்தாங்கையில கடியாரம் கட்டிருக்காரு பாருங்க" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு பற்றிக்கொண்டது. எல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது. அச்சகத்துப் பிலிமில் இடவலம் மாறிய எழுத்தையே பன்னிரண்டு வருஷம் படித்த ரோஜாவின் கண்ணுக்கு மட்டும் அது தெரியவே இல்லை.

"நிப்பாட்டுடி, மானம் போகுது" என்று முருகம்மாள் எழுந்தாள். அவள் எழுந்ததும் பத்துப் பேர் எழுந்தார்கள். ரோஜா பெட்டியைத் திறக்கப் போய் நிறுத்தினாள். ஒட்டியதைப் பிய்த்தால் திரை போய்விடும். இவர்கள் கலைந்து போனால் இன்னொரு நாள் வரமாட்டார்கள். பிலிம் மாறிக் கிடந்தால் அச்சகத்தில் என்ன செய்வாள்? புரட்டிப் போடுவாள். இங்கே புரட்ட முடிந்தது ஒன்றுதான்.

"எந்திரிச்சது எந்திரிச்சீக, அப்படியே வேட்டிக்கு அந்தப் பக்கம் போய் உக்காருங்க" என்றாள். குடத்துத் தண்ணீரை எடுத்து, வெளிச்சம் ஊடுருவட்டும் என்று வேட்டியை நனைத்தாள். முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் முந்தானை இடது தோளில் இருந்தது. எழுத்தும் நேராக இருந்தது.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மருந்து அறைக்குள் போகுமுன் வாசலிலுள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும் என்றது படம்.

"ஏ, நாம வெத்தல போட்டுட்டு வெரல்ல மிச்சமிருக்க சுண்ணாம்பத் தடவுற தகடுல்ல அது" என்றாள் முருகம்மாள். அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. படம் முடிந்ததும், "இன்னொருக்கா போடுடி" என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் முருகம்மாள் வேலை விட்டு நேரே தங்கை வீட்டுக்கு வந்தாள். காலையில் தகட்டைத் தேய்த்துக் கழுவி, வாசலில் வரிசையாக நின்று ஒவ்வொருத்தியாகத் தொட்டார்களாம். நேரம் ஆகிறதென்று வேலுச்சாமி சத்தம் போட்டாராம்.

"'என்னம்மா இது, கோயிலா? வரிசையா தொட்டுட்டுப் போறீக'ன்னாரு. 'எந் தங்கச்சி படம் காட்டுனா, போர்மேன். அவளே செஞ்ச மிஷினு. முழுசாப் பாத்தோம். நீங்களும் தொட்டுட்டு உள்ள வாங்க'ன்னுட்டேன்."

ரோஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "தொட்டாராக்கா?"

"தொடாம? நாப்பது பேரும் வாசலையில்ல மறிச்சு நின்னோம்."