வெளியே போகாத சட்டப் புத்தகம்

காக்ஸ் டவுன் பக்கம் ஒரு சின்னப் பொது நூலகத்தில் நான் நூலகர். சட்டப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுப்பதில்லை; உட்கார்ந்து படிக்க மட்டும்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான்.

ஒரு மதியம், ஏதோ ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்த பெண் ஒருவர் வந்தார். வாரத்தில் ஒரு நாள் லீவு கேட்டதற்காக அவரையும் கூட வேலை செய்த ஆறு பேரையும் கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டாராம். பத்து நாளில் தொழிலாளர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை. எல்லோருக்காகவும் அவர்தான் பேச வேண்டும் என்று யூனியனில் முடிவாகியிருந்தது.

“லேபர் சட்டம் புக்கு எட்துனு போயி நாளைக்கு குட்த்துர்றேன் மேடம்.”

“முடியாதும்மா. இங்கயே உக்காந்து படிங்க.”

“அது கன்னடத்துல கீது. பேச வரும், படிக்க வராது. ஊட்டாண்ட யாராவது படிச்சுக் காட்டுவாங்கனுதான் கேட்டேன். கேஜிஎஃப் தங்கவயல்ல தமிழ் ஸ்கூல், ஏழாவதோட சரி. நீங்க படிங்க, நான் எழ்திக்கிறேன்.”

“எந்த எழுத்துல?”

“நம்ம எழுத்துலதான். சத்தம் அவங்களுது, எழுத்து நம்முது.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும்தான். என் சாப்பாட்டு நேரம் அல்லவா போகிறது. ஆனாலும் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். நான் ஒரு கன்னட வாக்கியத்தைப் படிப்பேன். அவர் தமிழ் எழுத்தில் எழுதித் திரும்பப் படித்துக் காட்டுவார். தமிழில் இல்லாத ஒலிகளுக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டார். வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் வேறு கேட்டுக் குடைந்தார். பாதிக்கு எனக்கே தெரியவில்லை, அகராதியைப் புரட்டினேன்.

பேச்சுவார்த்தை அன்று அரை நாள் லீவு போட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். தினக்கூலிக்கு லீவு என்று சட்டத்தில் எதுவும் இல்லை என்றார் கான்ட்ராக்டர். அந்தப் பெண் எழுந்து நோட்டைப் பிரித்து, பிசிறில்லாத கன்னடத்தில் படித்தார். அதிகாரி நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

“இது யாவ பாஷேம்மா?” எந்த மொழி என்று கேட்டார்.

“கன்னடானே சார். நானு ஓத்தீனி, நீவு கேளி.” நான் படிக்கிறேன், நீங்கள் கேளுங்கள்.

அதே புத்தகம் அதிகாரியின் மேசையிலும் இருந்தது. அவர் தேடித் தடுமாறியபோது பக்க எண்ணையும் அந்தப் பெண்ணே சொன்னார். நோட்டு இன்னும் அதிகாரியிடம்தான் இருந்தது. அந்தப் பெண் வெறுங்கையோடு நின்று சொல்லச் சொல்ல, அதிகாரியின் விரல் அச்சு வரிகளின்மேல் நகர்ந்தது. ஓரிடத்திலும் அது நின்று திரும்பவில்லை.

திங்கட்கிழமை முதல் ஏழு பேருக்கும் வேலை, வாரம் ஒரு நாள் லீவு என்று அதிகாரி எழுதினார். என் பக்கத்திலிருந்த, அந்த ஏழு பேரில் ஒருவரான பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்த வரிகளை அவருக்குப் படித்துச் சொன்னவள் நான். அவற்றில் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.