சவுக்குத் தோப்பின் காற்று

கும்மிடிப்பூண்டி பைபாஸில் இன்று காலை நின்றிருந்த ஒரு லாரியில் பச்சைச் சவுக்குக் கம்புகள் அடுக்கியிருந்தன. அந்த வாசனை மூக்கில் ஏறியதும், இப்போது கண்டெய்னர் யார்டாகிவிட்ட பழைய தோப்புக்குள் போய்விட்டேன்.

அம்மா இரும்புத் தகடு அடிக்கும் கம்பெனியில் வேலை செய்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கம்பெனி கேட் அருகே காத்திருப்பேன். அவள் ஷிப்ட் முடிந்து வந்ததும் இருவரும் தோப்பு வழியாக வீட்டுக்கு நடப்போம். பாதி வழியில், ஊசி இலைகள் உதிர்ந்து கால் புதையக் கிடக்கும் இடத்தில், அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, உச்சிக் கிளைகளில் காற்று இரைவதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"எந்திரிம்மா, பசிக்குது," என்று கையைப் பிடித்து இழுப்பேன்.

"இன்னாடி அவசரம்? குந்து, நீயும் கேளு," என்பாள். டிவியில் கார்ட்டூன் முடிந்துவிடுமே என்று நான் கால் மாற்றி மாற்றி நிற்பேன்.

நான் பத்தாவது படிக்கும்போது அம்மாவுக்குக் காது முழுக்கக் கேட்காமல் போனது. மிஷின் சத்தம்தான் காரணம் என்றார் டாக்டர்.

"கொறஞ்சிக்கினே வருதுன்னு அப்பவே தெரியும்டி. அதான் அங்க குந்திக்கினு இருந்தேன்," என்றாள் அம்மா.

இன்று வீட்டுக்கு வந்து, சவுக்கு வாசனை அடித்ததை அவளுக்கு எழுதிக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தக் காத்து எப்டி சத்தம் போடும்? எனக்கு மறந்தேபூட்ச்சி. நீ சொல்லேன்," என்றாள்.

எழுதிக் காட்டப் பேனாவை எடுத்தேன். கண்ணை மூடியிருந்த அவள் முகம் மட்டும்தான் எனக்கு ஞாபகம் வந்தது.