கலெக்டர் அம்மாவின் மெழுகுவர்த்தி

மாநிலத்துக்கு முதல் பெண்மணி கவர்னரின் மனைவி என்றால், எங்கள் திருச்சி ஜில்லாவுக்குக் கலெக்டரின் மனைவியான கலெக்டர் அம்மாதான். ஐம்பதுகளின் கடைசியில் நான் அவருக்குக் காரியதரிசி. சர்க்கார் உத்தியோகமல்ல, அவரே வைத்துக்கொண்ட ஆள். ஸ்ரீரங்கத்தில் அண்ணா வீட்டிலிருந்து தினமும் கண்டோன்மென்ட் பங்களாவுக்குப் பஸ் ஏறுவேன். சின்ன வயதிலேயே தாலியை இழந்தவள் டைப்ரைட்டிங் பாஸானதையே குற்றமாகப் பேசிய காலம். பேசுகிறவர்களுக்கு வாய் வலிக்கட்டும் என்று நான் பாட்டுக்குப் போய்வந்தேன்.

கடிதங்களுக்குப் பதில் எழுதுவது பாதி வேலை. விழாக்களில் அவர் பின்னால் நின்று, எதிரே வருகிறவர் யார் என்று காதோடு சொல்வது மீதி. குத்துவிளக்கு ஏற்றப்போகும் நேரத்தில்தான் தீப்பெட்டியைத் தேடுவார்கள். அதனால் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எப்போதும் என் பையில் இருக்கும். காவேரிக் காற்றுக்குக் கையால் மறைத்து நான் பற்றவைத்துக் கொடுப்பேன். அம்மா வாங்கி முதல் திரியை ஏற்றுவார். பிறகு சுமங்கலிகள் ஆளுக்கு ஒரு முகம். நான் பற்றவைத்த நெருப்பு ஆகும், நான் ஆக மாட்டேன். நல்ல நியாயம்! அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஸ்ரீரங்கத்தில் ஆதரவற்ற பெண்களுக்கு ஒரு தையல் பள்ளி வேண்டும் என்று அவர் ஏறி இறங்காத வீடில்லை. கட்டடம் முடியும் தறுவாயில் கலெக்டர் மாரடைப்பில் போய்விட்டார். அம்மா பங்களாவைக் காலி செய்து புத்தூரில் வாடகை வீட்டுக்குப் போனார். புதுக் கலெக்டர் வந்தார், திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தார்கள். மாதர் சங்கத் தலைவியான வக்கீல் வீட்டு மாமி என்னைத் தனியே அழைத்தார்.

"சுபகாரியம் பாரு. புதுக் கலெக்டரோட ஆத்துக்காரி வெளக்கேத்தட்டும். இவா வந்தா முன்னாடி உக்காரட்டும், யார் வேண்டாம்னா? நீதான் பக்குவமாச் சொல்லணும். ஒனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா! உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் நாலு பேர் முன்னால் அவர் தலைகுனியக் கூடாதே என்று, விழாவுக்கு முதல் நாள் போய்ச் சொன்னேன்.

அம்மாவின் பார்வை என் பையில் போய் நின்றது. பிறகு, "இத்தனை வருஷமா உன் கையிலேருந்துதானே மெழுகுவத்தி வாங்கினேன். ஒரு தடவைகூட உன்னை ஏத்தச் சொல்லணும்னு எனக்குத் தோணலையே" என்றார். அவர் அழுதார். நானும் அழுதேன்.

"நாளைக்கு மெழுகுவத்தி எடுத்துட்டு வா" என்றார்.

மறுநாள் பற்றவைத்து, பழக்கம் மாறாமல் அவரிடமே நீட்டினேன். புதுக் கலெக்டரின் மனைவி சின்னப் பெண்; யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் ஒதுங்கி நின்றாள். அம்மா முதல் முகத்தை ஏற்றி, மெழுகுவர்த்தியை என்னிடம் கொடுத்தார். நான் இரண்டாவதை ஏற்றினேன். வழக்கப்படி அடுத்தவருக்கு நீட்டினேன். வக்கீல் வீட்டு மாமி தரையைப் பார்த்தார். ஒருவரும் வாங்கவில்லை.

மீதி மூன்று முகங்களையும் நாங்கள் இருவருமே ஏற்றினோம். கடைசி வரிசையில் தையல் படிக்கச் சேர்ந்திருந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் எங்களைப் போலப் பொட்டில்லாதவர்கள். அவர்கள் எழுந்து நின்றார்கள்.