உடைக்கக் கூடாத கூரை

குடிவருகிறவர்களிடம் ஜாசிராக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போடுவாள். "சுவத்துல ஆணி அடி, பெயிண்ட் அடி, சத்தமா பாட்டு போடு, யாரை வேணா கூட்டிட்டு வா. கூரைய மட்டும் தொடாத."

கூரையை யார் போய்த் தொடப்போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் ஜனவரிதான் மழைக்காலம்; அந்த மழையில் கூரையே என்னைத் தொட வந்தது. கட்டிலுக்கு மேலே ஒரு ஒழுக்கு, தையல் மெஷினுக்கு மேலே இன்னொன்று. ஜீன்ஸ் தைத்துப் பிழைக்கிறவள் நான். மெஷினை மூலைக்கு மூலை இழுத்தே இடுப்பு விட்டுப்போயிற்று.

பின்கட்டில் இருந்த அந்த இரண்டு சின்ன வீடுகளையும் கட்டியது அவள் புருஷன் ஜெனேசியோ. ஒன்றில் நான் இருந்தேன், மற்றது காலி. எங்கள் தெரு இருக்கும் மலைக்குக் கீழே, ரயில் பாதையை ஒட்டி இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஃபேக்டரியில் அவருக்கு வேலை. ஓரம் உடைந்த ஷீட்டுகளைத் தொழிலாளிகளுக்கே சும்மா கொடுத்துவிடுவார்களாம். ஞாயிறுதோறும் ஒன்றிரண்டாகத் தலையில் சுமந்து மேடேறி வந்து, கூரை போட்டுவிட்டார். தெருவே பொறாமைப்பட்ட கூரை அது. ஜாசிராக்கா இருந்த முன்வீட்டுக்கு மட்டும் மாமனார் காலத்து மண் ஓடு.

அந்த மனுஷன் மூச்சுக்குத் தவித்தே செத்தார். கடைசி வருஷம் படுக்கக்கூட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாராம். அப்புறம்தான் பழைய தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வந்து, அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று சொன்னார்கள். ஃபேக்டரியை அதற்குள் மூடியாயிற்று. பிறகு நாட்டிலேயே அந்த ஷீட் செய்யக் கூடாதென்று தடை வந்தது. செய்யக் கூடாது, சரி. ஏற்கெனவே தலைக்கு மேல் இருப்பதை என்ன செய்வது? அது வீட்டுக்காரர் பாடு என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பாட்டைத்தான் ஜாசிராக்கா தனியாளாகப் பட்டுக்கொண்டிருந்தாள். கழற்ற வேண்டுமென்றால் அதற்கென்று அனுமதி பெற்ற ஆட்கள்தான் வர வேண்டும். அவர்கள் கேட்ட தொகை அவளிடம் இல்லை. அதுவரை ஷீட்டில் பாசி படிந்தாலும் தேய்க்கக் கூடாது, துளை போடக் கூடாது. முற்றத்தைத் தண்ணீர் தெளிக்காமல் பெருக்கினால் வாரியலைப் பிடுங்கிவிடுவாள். துணியை நான் உதறினால், காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போவாள். கிழவிக்குக் கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, கொத்தனார் டோர்ஜிவல் ஏழெட்டுப் பேரோடு வந்து கதவைத் தட்டினான். எல்லோர் கையிலும் சுத்தியல். வண்டி நிறைய புதுத் தகர ஷீட். எங்கோ ஒரு கட்டடத்தில் மிஞ்சியதை முதலாளியிடம் கேட்டு வாங்கியிருந்தான். எங்கள் தெருவில் யார் வீட்டுக்குக் கூரை போட்டாலும் ஊரே கூடித்தான் போடும். கூலி கிடையாது, வீட்டுக்காரர் சோறு போட்டால் போதும். ஜாசிராக்கா கூச்சத்தில் கூப்பிடவில்லை என்று நினைத்து, கூப்பிடாமலே வந்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்றிக்கறி போட்ட கருப்பு பீன்ஸைப் பெரிய பானையில் ஏற்றிவிட்டேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள்.

டோர்ஜிவல் ஏணியில் ஏறி, ஓரத்து ஷீட்டில் ஒரு போடு போட்டான். சாம்பல் நிறத் துண்டு முற்றத்தில் விழுந்து சிதறியது. அப்போதுதான் அக்கா வாசலில் வந்து நின்றாள். கைப்பையைக் கீழே போட்டாள். செடிக்கு ஊற்றும் குழாயை எடுத்துத் திறந்துவிட்டாள். ஷீட், ஏணி, டோர்ஜிவல் எல்லாம் நனைந்தது.

"யக்கா! காலைலதான் குளிச்சேன்!"

"எறங்குடா கீழ."

"காசில்லாம கூரை மாத்தித் தர்றோம், அதுக்கு இதான் மரியாதையா? எங்க ஊர்ல நாங்க இத எத்தன உடைச்சிருக்கோம். எனக்கு என்ன ஆயிடுச்சு? நல்லா கல்லு மாதிரி இருக்கேன்."

"அவரும் கல்லு மாதிரிதான்டா இருந்தாரு, இருவது வருஷம். எறங்கு."

அவன் இறங்கவில்லை. அக்கா ஏணியடியில் போய் நின்று நிமிர்ந்து பார்த்தாள். குரல் உயரவில்லை. "கூரை என்னோடது. அதுலருந்து பறக்கிற தூசியும் என்னோடதுதான். நாளைக்கு அது உன் நெஞ்சுல போய் உக்காந்தா, உம் பொண்டாட்டி என் வாசல்ல வந்து கேப்பாடா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

டோர்ஜிவல் இறங்கினான். எல்லோரையும் தெருவுக்கு அனுப்பிவிட்டு, முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, விழுந்த துண்டுகளை அக்காவே நனைத்து நனைத்துப் பொறுக்கி, இரட்டைப் பையில் போட்டுக் கட்டினாள். அவள் குனிந்து நிமிர்ந்ததைப் பார்க்க எனக்கே மூச்சு வாங்கியது. பீன்ஸ் பானையைத் தெருவுக்குக் கொண்டுபோனேன். வந்தவர்கள் நின்றபடியே பேருக்கு நாலு வாய் தின்றார்கள். "இனிமே அவங்களே வந்து கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு டோர்ஜிவல் வண்டியைத் திருப்பினான். தகர ஷீட்டெல்லாம் போயிற்று.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உடைக்கவும் விட மாட்டீங்க, மாத்தவும் மாட்டீங்க. உங்க மனசாட்சிக்கு நான் ஏன்க்கா நனையணும்? அத வச்சு என் மெத்தைய காயப்போடவா?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவள் ஈரக் கையோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வந்து முன்வீட்டுச் சாவியை மெஷின் மேல் வைத்தாள்.

"சாமான எடு, நால்வா. நீ முன்னாடி போ. நான் இங்க இருந்துக்கிறேன்."

"என்னக்கா விளையாடுறீங்க? உங்க வீட்டுல நான் எப்படி..."

"வாடகை அதேதான். பயப்படாத."

"வாடகையப் பத்தி யாரு பேசுனா? இந்த ஓட்டைக்குக் கீழ நீங்க வந்து படுக்கணுமா?"

அவள் என் கட்டிலில் உட்கார்ந்தாள். அதுகூட ஈரம்தான். "தெனமும் சாயங்காலம் அவரு சட்டைய முத்தத்துல உதறிட்டுத்தான் தொவைப்பேன். வெள்ளையா, மாவு கணக்கா பறக்கும். எக்ஸ்ரேல எனக்கும் நெஞ்சுல அது தெரியுதுங்கிறாங்க. எனக்கு உள்ள இருக்கிறது போதும், புதுசா என்ன வந்துடப்போகுது. உனக்கு இன்னும் ஒண்ணும் இல்லல்ல?"

முந்தின நாள் கேட்டதையெல்லாம் திரும்ப விழுங்கிவிட முடியாதா என்று இருந்தது. சாமானை எடுத்தேன், வேறென்ன செய்ய.

பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. அங்கே மூன்றாவது வீடு கட்ட வேண்டும் என்பது ஜெனேசியோவின் ஆசை. கூரையைக் கழற்றுகிறவர்களுக்குக் கொடுக்க, கொய்யா மரத்தோடு அதை அக்கா விற்றாள்.

மழை ஓய்ந்து, எங்கள் பக்கத்துக் குளிரும் விட்டுக்கொண்டிருந்த ஆகஸ்டில் ஆட்கள் வந்தார்கள். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, மூக்கில் முகமூடி. ஒவ்வொரு ஷீட்டாக நனைத்து, திருகாணியைக் கழற்றி, உடையாமல் இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றினார்கள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. டோர்ஜிவலும் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றான். வரமாட்டேன் என்றவன், அன்று சாயங்காலமே தகர ஷீட்டைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கினான், அது வேறு விஷயம்.

அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரிப் பையன், முப்பது வயதுகூட இருக்காது, முகமூடியை விலக்காமலே அவளிடம் வந்து குனிந்து சொன்னான்.

"அம்மா, நீங்க அந்தப் பக்கம் போய் உக்காருங்க. இந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது."

அக்கா அவனையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதேயில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"இன்னொரு தரம் சொல்லுப்பா" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இத அப்ப எங்ககிட்ட யாருமே சொன்னதில்ல."

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இன்னொரு தரம் சொன்னான். அக்கா எழுந்தாள். நாற்காலியை அவனே தூக்கிக்கொண்டு போய், அவன் காட்டிய இடத்தில் போட்டான்.