அப்பாவின் கையும் ஆளுக்கொரு இலையும்

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். கோபப்படாமல் எழுது என்று சொல்லித்தான் அம்மா பேனாவைக் கொடுத்தார். முயன்று பார்க்கிறேன்.

எங்கள் அப்பா சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே தகப்பனாரை இழந்து, தங்கைகளைக் கரையேற்றிய பிறகு ஆனைக்கரைக்கு வந்து ஏலக்காய் ஸ்டோரில் சேர்ந்தார். பச்சை ஏலக்காயை அனல் அறையில் உலர்த்தும் வேலை. உள்ளே சூடு, வெளியே வந்தால் மலைக்காற்று. இரண்டும் சேர்ந்து அப்பாவின் கைகால் தோலை வறட்டி எடுத்துவிட்டன. சட்டையை உதறினால் செதில் கொட்டும். அரிப்பில் தூக்கம் கெடும். ஆனாலும் யாரையும் கடிந்து பேசமாட்டார், யாரிடமும் முடியாது என்று சொல்லமாட்டார். அந்த நற்குணம்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு மருந்து சொன்னீர்கள். சொன்னதோடு விட்டீர்களா? முன்னால் வந்தவர் சொன்னதை நிறுத்தவும் சொன்னீர்கள். போடி சித்தப்பா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார். நாலு நாள் ஆவதற்குள் சின்ன அத்தை வந்து, "வேப்பிலை இன்னும் வறட்டும்ண்ணே, சோத்துக்கத்தாழைய வழிச்சுத் தேயுங்க" என்றார். எதையும் நின்று வேலை செய்ய விட்டால்தானே!

ஒன்றே ஒன்றுதான் பலன் தந்தது. கம்பத்திலிருந்து வெட்பாலை இலை வரவழைத்து, தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தேன். மேகத்துக்கு நடுவே எட்டிப் பார்த்து ஓடும் எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? முற்றம், கூரை, பக்கத்து வீட்டு மதில் என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெயிலின் பின்னாலேயே அலைந்தேன். எண்ணெய் ஊதா நிறமானது. தடவத் தடவச் செதில் குறைந்தது. அப்பா நிம்மதியாகத் தூங்கினார். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, ஒரு பை குப்பைமேனியோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"அந்த எண்ணெயத் தூரப் போடுங்க மாப்ள. இத உப்பு வச்சு அரைச்சுத் தேயுங்க, ஓடிப்போயிரும்."

"சரிங்க மச்சான்" என்றார் அப்பா.

வெடித்த தோலில் உப்பு! துடித்துப் போனார். "எதுக்குப்பா எல்லார் சொல்றதையும் கேக்குறீக?" என்று கத்தினேன்.

"அம்புட்டுத் தூரத்துல இருந்து மெனக்கெட்டுப் பறிச்சுக் கொண்டாந்திருக்காக. வேணாம்னு எப்படித்தா சொல்றது?"

என் எண்ணெய் அதோடு நின்றது. தோல் மறுபடி வெடித்தது. நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி நாட்களிலும் கையைச் சொறிந்துகொண்டேதான் இருந்தார். தூக்குவதற்கு முன் நீங்களெல்லாம் வரிசையாக வந்து அவர் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தீர்கள். அன்றைக்கும் அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

மழையில் ஜீப் ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், கூடவே இருந்த ஸ்டோர் தொழிலாளர்களுக்கும் எங்கள் நன்றி. இலை பறித்து வந்த அத்தனை பேருக்கும், பெரிய மாமாவுக்கும் சேர்த்துத்தான், நன்றி. அன்பினால் செய்தீர்கள், தெரியும். அதனால்தான் இந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை.

காரியத்தன்று என் கையைப் பிடித்து அழுத சின்ன அத்தை, சட்டென்று அழுகையை நிறுத்தி என் விரல்களைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, உனக்கும் அண்ணன் மாதிரியே வறண்டு கெடக்கே! ஊருக்குப் போனதும் கத்தாழை குடுத்துவிடுறேன்."

அவரைத் திட்ட வாய் நிறைய வைத்திருந்தேன்.

"சரிங்க அத்தை" என்றேன்.