நான் காயவைத்த மணல்

போன வருடம், 2005 கோடையில், மரக்காணம் உப்பளத்தில் நடந்தது. சுனாமி வந்துபோய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. இதற்கு முன்பும் இப்படி ஒரு அலை இங்கே வந்ததா, எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க, சென்னையிலிருந்து மண் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வந்தார். பள்ளம் வெட்ட என்னைச் சேர்த்துக்கொண்டார்.

இடுப்பளவு வெட்டியதும் கறுப்புக் களிமண்ணுக்கு நடுவே ஒரு சாண் கனத்துக்கு வெள்ளைக் கடல்மணல் தெரிந்தது. அவர் முகத்தில் புதையல் கிடைத்த சந்தோஷம். அதில் ஓர் இரும்புக் குழாயை அடித்து, கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உருவினார். கொண்டுவந்திருந்த ஒரே கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி, "அண்ணே, பத்திரமா பாத்துக்கங்க" என்று கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஈரத்தைக் கண்டால் காயவைக்கிற பிழைப்பு எங்களுடையது. இருபது வருட அனுபவம் சும்மா இருக்குமா? பிளாஸ்டிக்கைக் கிழித்து, மணலைச் சாக்கில் கொட்டி, நன்றாகக் காயவைத்து மறுபடி அடைத்து, கிழிசல் உள்ளே போகும்படி பிளாஸ்டிக்கைச் சுற்றிவைத்தேன். பாராட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

திரும்பி வந்தவர் சொன்னார்: "இந்த மணல் கடைசியா எப்ப வெயிலப் பாத்துச்சுன்னு லேப்ல கண்டுபிடிச்சுடலாம்ணே. அதுதான் அலை வந்த காலம். இப்ப லேசா வெளிச்சம் பட்டாகூட எல்லாம் அழிஞ்சிடும்."

அது கடைசியாக வெயிலைப் பார்த்தது மத்தியானம் பன்னிரண்டரைக்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்!

உப்புக் குவியலுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். ஓடிவிடலாமா, மயக்கம் போட்டு விழலாமா என்று யோசித்தேன். விழுந்தால் உப்பு குத்தும். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த மனைவி பார்த்துவிட்டாள்.

"இன்னாய்யா, சுனாமிக்கே நீ இப்படி வெளுக்கலயே!"

விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு தப்பான மண்ண எடுத்துனு போய்த் தப்பா சொல்லணுமா? நாளைக்கு நம்ம புள்ளைங்க இங்கதான இருக்கணும்? போய்ச் சொல்லுய்யா!"

போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பள்ளத்தைத்தான் பார்த்தார். ஊற்றுநீர் முழங்கால் வரை ஏறி, ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. மறுநாள் காலையில் உப்பள முதலாளி, பள்ளம் இருந்த அந்த உப்புப் பாத்தியில் தண்ணீர் பாய்ச்சிவிடுவார்.

"சாயங்காலத்துக்குள்ள முடியுமாண்ணே?"

"முடிக்காம மேல ஏற மாட்டேன் மேடம்."

வாளியால் இறைத்தேன். இறைக்க இறைக்க ஊறியது. மனைவியும் இறங்கினாள். உப்புத் தண்ணீர் கைப்புண்ணில் பட்டு எரிந்தது. மூன்று மணி நேரம் போராடியபின் அந்த வெள்ளை மணல் மறுபடி தெரிந்தது. அவர் மறுபடி குழாயை அடித்து, கறுப்புத் துணிக்குள் வைத்து உருவி, அந்தத் துணியிலேயே சுற்றினார். மேலே சுற்ற வேண்டிய பிளாஸ்டிக்தான் கிழிந்து கிடந்தது. யோசிக்காமல் என் லுங்கியை அவிழ்த்துக் குழாயின்மேல் நாலு சுற்றுச் சுற்றினேன்.

அரை டிராயரோடு நின்ற என்னைப் பார்த்து மனைவி, "வெளிச்சம் படக்கூடாதது அதுவா, நீயா?" என்றாள்.

சில மாதம் கழித்து லுங்கி துவைத்து மடித்துத் தபாலில் வந்தது. உள்ளே ஒரு சீட்டு: "பல நூறு வருஷத்துக்கு முன்னாடியும் கடல் உள்ளே வந்திருக்குண்ணே. மணல் சொல்லிடுச்சு."

இன்றும் வேலையில் தப்பு நடந்தால், மூடி மறைக்கத்தான் என் கை முதலில் போகிறது. அந்தக் குழாய் ஞாபகத்துக்கு வந்ததும், நேராகப் போய்ச் சொல்லிவிட்டு வாளியைத் தேடுகிறேன்.